கூச்சம்: இல்லை

முன்பல்லில் குழி விழுந்தால் அதைப் பல்லின் நிறத்திலேயே அடைப்பதற்கு, எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களிடம் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று பழைய சிலிகேட் சிமெண்ட். குளிர்ந்த கண்ணாடிப் பலகையில் பொடியையும் திரவத்தையும் குழைத்து வைப்போம். முதல் நாள் பல்லோடு பல்லாக இருக்கும். போகப் போக ஓரம் கரையும், நிறம் மங்கும். ஊறுகாய்ப் பிரியர்களுக்கு இன்னும் சீக்கிரம். மற்றது அப்போதுதான் எங்கள் கைக்கு வந்திருந்த காம்போசிட். இரண்டு சின்ன ஜாடிகளில் இரண்டு பசை. சமமாக எடுத்துக் கலந்தால் சில நிமிஷங்களில் கல்லாகிவிடும். இரண்டில் எது வாய்க்குள் நன்றாக உழைக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் மேல்படிப்புக்கு நான் எடுத்துக்கொண்ட ஆய்வு.

ஆய்வில் ஒரு முக்கியமான கேள்வி இருந்தது. சிலிகேட் வைக்கும்போது குழியின் அடியில் லைனிங் என்று ஒரு மெல்லிய பூச்சுப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் அதன் அமிலம் பல்லின் உள்நரம்பைத் தின்றுவிடும். காம்போசிட்டுக்கும் அந்தப் பூச்சு வேண்டுமா, ஆழமில்லாத குழிகளுக்கு அது இல்லாமலே வைக்கலாமா என்பதில் எங்கள் துறையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வேண்டாம் என்பது என் பேராசிரியரின் கட்சி. எனவே என்னுடைய கட்சியும் அதுவேதான்.

சென்னையில் பல் அடைத்துக்கொண்டு போகிறவர்கள் திரும்பி வந்து வாயைத் திறந்து காட்டமாட்டார்கள். எனக்கோ ஆறு மாதம், ஒரு வருஷம் என்று அதே பற்களை மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். அதனால் ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுகாதார நிலையத்தைப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். வடக்குப்பட்டிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் முன்பல் இரண்டில் சொத்தை உள்ளவர்களை அங்கிருந்த ஆயா கூட்டி வருவார். ஒரு பல்லில் பழையது, மற்ற பல்லில் புதியது. விவசாயக் குடும்பங்கள், நிலத்தை விட்டுவிட்டு எங்கே போய்விடப் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தாலும் எனக்கே கோபம் வருகிறது.

ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். நிறம், ஓரம், மேற்பரப்பு ஆகிய மூன்றையும் நான் கூர் ஊசியும் கண்ணாடியும் வைத்துப் பார்த்து நிரப்புவேன். நான்காவது கட்டம் பல் கூச்சம். குளிர்ந்தது பட்டால், புளிப்புப் பட்டால் பல் சுரீர் என்கிறதா என்பதை நோயாளியிடம் கேட்டு எழுத வேண்டும். உள்நரம்பு அடிபடுகிறதென்றால் முதலில் அங்கேதான் தெரியும். அதை நானே கேட்டால் எனக்கு வேண்டிய பதிலை நோக்கி இழுத்துவிடுவேன் என்பதால், ஆயாவைக் கேட்கச் சொன்னேன். அது ஆய்வு முறைப்படி சரிதான். நேர்மையாக இருப்பதாக எனக்குள் பெருமை வேறு. தாளை நகலெடுக்க ஸ்டென்சில் வெட்டியபோது கட்டம் குறுகலாகப் போனதால் 'பல்' என்ற இரண்டு எழுத்தை விட்டுவிட்டு வெறும் 'கூச்சம்' என்று போட்டேன். பல் டாக்டரின் தாளில் வேறெந்தக் கூச்சம் இருக்க முடியும்?

என் நோயாளிகளில் ஒரு பெண் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். முப்பது வயது இருக்கும். மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் கறுத்துப் போயிருந்தன. வலது பல்லுக்குப் பூச்சுப் போட்டு சிலிகேட், இடது பல்லுக்குப் பூச்சு இல்லாமல் காம்போசிட். இடது பல்லின் குழி கொஞ்சம் ஆழம். ஆழமா, நடுத்தரமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆழம் என்று எழுதினால் அவளை ஆய்விலிருந்து நீக்க வேண்டும். நடுத்தரம் என்று எழுதினேன்.

அடைத்து முடித்ததும் கண்ணாடியைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் திருப்பித் தராமல் மடியில் வைத்துக்கொண்டு, "இது இனிமே இப்டியே இருக்குமா டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"அதைப் பார்க்கத்தான் உங்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிடப் போறேன்" என்றேன்.

ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் எல்லோரும் வந்தார்கள். பழைய சிலிகேட் ஓரங்களில் கரையத் தொடங்கியிருந்தது. காம்போசிட் கொஞ்சம் சொரசொரப்பாகி வெற்றிலைக் கறையைப் பிடித்துக்கொண்டாலும் ஓரம் அசையவில்லை. எல்லாவற்றையும்விட, கூச்சம் என்ற கட்டத்தில் முதல் தாள் முதல் கடைசித் தாள் வரை ஆயாவின் குண்டு எழுத்தில் 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. பேராசிரியர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "இதாம்மா உன் தீசிஸ். மத்ததெல்லாம் சும்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருத்தி கூட, ஒருவன் கூட ஆம் என்று சொல்லவில்லையே, அது எப்படி என்று ஒரு தடவையாவது நான் கேட்டிருக்க வேண்டும். பச்சை மாங்காய் தின்றால் எனக்கே பல் கூசும். கேட்கவில்லை. நல்ல செய்தியைக் குடைந்து பார்க்கிற வழக்கம் எனக்கு அப்போது கிடையாது.

ஒன்றரை வருஷம் ஆயிற்று. தீசிஸ் டைப் அடித்து பைண்டிங்குக்குப் போக இன்னும் பத்து நாள். சமையல் செய்யும் அந்தப் பெண்ணின் இடது பல்தான் என் ஆய்விலேயே மிக அழகாக நின்ற வேலை. அதைக் கடைசியாக ஒரு படம் எடுத்து முன்பக்கத்தில் போடலாம் என்று கேமராவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினேன். அவளைக் கூட்டிவரப் போன ஆயா தனியாகத் திரும்பி வந்தார்.

"அவ வரமாட்டேங்கறாம்மா. படுத்துகினு கீறா. மூஞ்சியக் காட்டவே மாட்டேங்கறா."

"ஜுரமா?"

"ஜுரந்தான். மூஞ்சி ஒரு மாதிரி ஊதிப் போயிருக்குது. நீங்களே வந்து பாருங்களேன்."

கேமராவை மேசையிலேயே போட்டுவிட்டு நடந்தேன்.

அவள் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கணவர் வாசலில் நின்றுகொண்டு எனக்கு வழி விட்டார். அவளைத் திருப்பினேன். மேலுதடு தடித்து மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடது கன்னம் வீங்கி, இடது கண் பாதி மூடியிருந்தது. நெற்றி கொதித்தது. மூன்று நாளாகச் சூட்டு ஒத்தடம் கொடுத்தார்களாம், வீக்கம் ஏறிக்கொண்டே போயிற்றாம். மேல்முன்பல்லில் தொடங்கும் சீழ் மூக்கோரமாக மேலே ஏறினால் எங்கே போய் நிற்கும் என்று நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கண்ணுக்குப் பின்னால் போகும். அங்கிருந்து மூளைக்குப் போகும். இவள் செத்துப்போனால் நான்தான் கொன்றவள் என்ற எண்ணம் அப்படியே, அதே சொற்களில், வந்தது.

"காஞ்சிபுரத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு?"

"ஒண்ணு போயிடுச்சு. இனிமே மத்தியானந்தான்" என்றார் கணவர்.

மணி பத்துகூட ஆகவில்லை. மத்தியானம் வரை அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. சுகாதார நிலையத்தில் காலால் மிதித்து ஓட்டும் டிரில் இருந்தது. ஆயாவும் கணவரும் அதைத் தூக்கி வந்தார்கள். நர்ஸ் வந்து பெனிசிலின் ஊசி போட்டார். பல்லுக்குள் அடைபட்டிருக்கும் சீழுக்கு ஒரு வழி திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. கல்லூரியில் அது பத்து நிமிஷ வேலை. இங்கே அவளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, தலையை ஆயா பிடித்துக்கொள்ள, கணவர் டார்ச் அடிக்க, நான் ஒற்றைக் காலில் நின்று மறு காலால் மிதித்தேன்.

டிரில் பல்லைத் தொட்டதும் அவள் என் கையைப் பிடித்துத் தள்ளினாள். வீங்கியிருக்கிற பல்லில் காற்று பட்டாலே உயிர் போகும். மறுபடி தொட்டேன். மறுபடி தள்ளினாள். டார்ச் வெளிச்சம் கூரைக்குப் போய்விட்டு வந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா. இது திறந்தா வலி விட்டுடும்."

"வேணாம்" என்று முனகினாள். பிறகு வீங்கிய உதட்டுக்குள்ளிருந்து இன்னொரு வாக்கியம் வந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. ஆயாதான் சொன்னார், "அடைச்சத எடுத்துடாதீங்கன்றாம்மா."

"எடுக்கல. பின்பக்கமாத்தான் போறேன். அடைச்சது அப்படியே இருக்கும்" என்றேன். அதற்குப் பிறகுதான் கையை எடுத்தாள்.

பல்லின் உள்பக்கத்தில் துளை போட்டேன். மிதித்து மிதித்துக் கால் மரத்துப்போய், தப்பான திசையில் போகிறேனோ என்று பயம் வந்த சமயத்தில் டிரில் சட்டென்று உள்ளே இறங்கியது. சீழும் ரத்தமுமாகக் கலந்து வந்தது. நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. அதைப் போல ஒரு நல்ல நாற்றத்தை நான் முகர்ந்ததில்லை. அவள் தோள்கள் மெல்ல இறங்கின. மூடியிருந்த கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நானும் அழுதேன், ஆயா பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

மத்தியான பஸ்ஸில் அவளை ஏற்றிவிடுவதற்கு முன் ஒருமுறை வாயைத் துடைத்துப் பார்த்தேன். அடைத்த இடம் அப்படியே இருந்தது. நிறம் முதல் தரம். ஓரம் முதல் தரம். மேற்பரப்பு முதல் தரம். அன்றைக்குத் தாளை நிரப்பியிருந்தால் அந்த மூன்று கட்டத்திலும் அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு போனபோது வீக்கம் வற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வேர்ச் சிகிச்சையைத் தொடர்வதற்காக உட்கார வைத்துவிட்டு, என்னால் அடக்க முடியாமல் கேட்டேன்.

"ரெண்டு தடவை கூச்சம் இருக்கான்னு கேட்டாங்களே, இல்லைன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. இல்லன்னுதான் சொன்னேன். பல்லு அடைச்சதுலேர்ந்து எனக்கு இன்னா கூச்சம்? டீச்சருங்க கிட்டகூட தைரியமாப் பேசறேன்."

நான் ஆயாவைப் பார்த்தேன். ஆயா என்னைப் பார்த்தார். "நீங்க எழுதிக் குடுத்ததத்தாம்மா கேட்டேன்" என்றார். "கூச்சமா கீதான்னு கேட்டேன். எல்லாரும் இப்ப இல்லன்னாங்க. பொம்பளைங்க சிரிச்சாங்க கூட. எனக்கும் அதான் வெஷயம்னு தோணுச்சு, அழகுக்குத்தானே அடைக்கறோம்."

ஆறாவது மாதத்திலிருந்து தாள் தாளாக, ஊரே வெட்கம் விட்டுப் போனதை நான் ஆராய்ச்சி முடிவாக எழுதி வைத்திருந்தேன்.

"பல்லு கூசிச்சா?" என்று இப்போது கேட்டேன். "தண்ணி பட்டா?"

"மொத வாரத்துலேர்ந்தே. பச்சத் தண்ணி பட்டா உச்சி மண்டைக்கு ஏறும். ஒலைக்கிட்ட நின்னு சாம்பார ருசி பாத்தாலும் அப்டித்தான். எட்டு மாசம் போல இருந்துச்சு. அப்புறம் தானா நின்னுபோச்சு. சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

நின்றுபோனது வலி இல்லை, பல்லின் உயிர். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"எட்டு மாசமா வலிச்சிருக்கு. ஆயாம்மாகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். என் தப்பில் ஒரு துளியையாவது அவள் பக்கம் தள்ளிவிட ஆசை.

அவள் தயங்கவில்லை. "நோவுதுன்னா நீங்க நோண்டி எடுத்துடுவீங்கன்னு பயந்துகினு இருந்தேன். எடுத்துட்டா மறுபடி அந்த ஓட்டப் பல்லோட நிக்கணும். அதுக்கு நோவு பரவால்ல."

அப்படியானால் தாளில் அந்த இரண்டு எழுத்தைச் சேர்த்திருந்தாலும் 'இல்லை' என்றுதான் வந்திருக்கும். அதுவரை எல்லாவற்றையும் ஒரு சொல்லின் மேல் சுமத்தி, இது ஒரு அசட்டுத் தவறு என்று சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தேன். அதற்கும் இடமில்லாமல் போயிற்று. எங்களிடம் உண்மையைச் சொன்னால் நஷ்டம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதை நான் பார்க்கவே இல்லை.

மற்றவர்கள் கதை என்ன? அன்றே தெரிந்தாக வேண்டும். ஆயா ஓடியாடி, அகப்பட்டவர்களை எல்லாம் சுகாதார நிலையத்துக்குக் கூட்டி வந்தார். பல் கூசுகிறதா என்று இந்தத் தடவை தெளிவாகக் கேட்டேன். "இன்னாவும் இல்லம்மா, நல்லா கீது" என்றார்கள், ஒருவர் விடாமல். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. மூலையில் குடிநீர்ப் பானை இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு டம்ளர் மொண்டு கொடுத்து, வெயிலில் வந்திருக்கிறீர்கள், குடியுங்கள் என்றேன். எல்லோரும் அண்ணாந்து குடிக்கிற ஊர். ஆனால் அந்த வரிசையில் நேராக அண்ணாந்தவர்கள் குறைவு. ஒருவர் தலையைச் சாய்த்துப் பழைய சிலிகேட் இருந்த பக்கமாகத் தண்ணீரை விட்டுக்கொண்டார். ஒரு பெண் உதட்டை முன்பற்களின் மேல் இழுத்து மூடிக்கொண்டு சப்பிக் குடித்தாள். இன்னொருவர் வாயில் வைத்துக் கொஞ்சநேரம் சூடாக்கிவிட்டு விழுங்கினார். ஒரு பெரியவர் தாகமில்லை என்று டம்ளரையே தொடவில்லை, அவர் நான்கு மைல் நடந்து வந்திருந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே பேராசிரியர் அறை வாசலில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், குழியை நடுத்தரம் என்று எழுதியது உட்பட. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"திரும்பச் செய்யணும்னா இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்" என்றார்.

"தெரியும் சார்."

"வியாழக்கிழமை சமர்ப்பிக்கணும். அந்தக் கூச்சம் பகுதியை மட்டும் எடுத்துடு. நிறம், ஓரம், மேற்பரப்பு. அந்த மூணுல நீ எழுதினது பொய் இல்லையே?"

"இல்லை சார்."

"அப்புறம் என்ன?"

இரண்டு வருஷம் என்ற வார்த்தை காதில் விழுந்தபோதே நான் முடிவு செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் பேச்சு. அந்த மூன்று நாளில் நான்காவது கட்டத்தைப் பற்றிய பக்கங்களை எடுத்துவிட்டு, பக்க எண்களைத் திருத்தி மறுபடி டைப் அடிக்கக் கொடுத்தேன். காம்போசிட் பூச்சு இல்லாமல் வைக்கப்பட்டது என்ற வரி, செய்முறையை விவரிக்கும் பகுதியில் அப்படியே நின்றது. முன்பக்கத்துக்குப் படம் வேண்டியிருந்தது. ஒரு வருஷப் பரிசோதனையில் எடுத்த அவளுடைய படத்தை வைத்தேன். பற்கள் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் படத்தைப் பார்த்து, எந்தப் பல்லில் வேலை செய்திருக்கிறது என்றே தெரியவில்லையே என்று பாராட்டினார். நன்றி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போவதை நிறுத்தவில்லை. கூசிய பற்களைத் திறந்து, பூச்சுப் போட்டு மறுபடி அடைத்துக் கொடுத்தேன். மறுபடி அடைத்துத் தருவேன் என்று முதலில் சத்தியம் செய்த பிறகே வாயைத் திறந்தார்கள். சமையல் செய்யும் பெண்ணின் பல் விழாமல் நின்றது, ஆனால் உயிர் போன பல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறத்துக்குப் போயிற்று. நடுவில் நான் அடைத்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

இதோடு முடிந்தது, பிராயச்சித்தம் செய்தாயிற்று என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்துக் காஞ்சிபுரத்தில் ஒரு பல் முகாம். அங்கே கிளினிக் வைத்திருந்த ஒரு இளம் டாக்டர், எங்கள் கல்லூரிக்காரர், என்னைத் தேடி வந்து அறிமுகம் செய்துகொண்டார். நல்ல பையன். பணிவாகப் பேசினார்.

"லைப்ரரில உங்க தீசிஸ் படிச்சிருக்கேன் மேடம். அந்த முன்பக்கப் படம் மறக்கவே முடியாது. அதைப் பாத்துட்டுத்தான் நானும் காம்போசிட்டுக்கு லைனிங் போடறதையே விட்டுட்டேன்."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும் மேடம். நெசவுக்காரங்க நிறையப் பேர் வர்றாங்க. ஒருத்தர் கூட ஒண்ணும் சொன்னதில்ல."

கைப்பையை அங்கே இருந்த பெஞ்சில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவரையும் உட்காரச் சொன்னேன். வீங்கிய முகம், துளை, பானைத் தண்ணீர், எடுத்துவிட்ட பக்கங்கள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சொல்லச் சொல்ல மாறிக்கொண்டே வந்தது. தன் நோயாளிகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"இவ்வளவும் தெரிஞ்சும் ஏன் மேடம் எழுதல?" என்று கேட்டார்.

எழுதியிருந்தால் பட்டம் இரண்டு வருஷம் தள்ளிப் போயிருக்கும், அதற்குப் பயந்தேன் என்று சொன்னேன். அவர் எழுந்து கிளினிக்குக்குப் போய், பூச்சு இல்லாமல் அடைத்துக்கொண்டு போன தன் நோயாளிகளின் பெயர் எழுதிய நோட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.